16:9-க்கு மாற்றினால் படம் அகலமாகுமா? சுவரில் அளவுநாடா ஒட்டிப் பார்த்துவிடலாம்

முதல் காம்பாக்ட் கேமரா கைக்கு வந்த புதிதில் மெனுவைத் துழாவிக்கொண்டிருந்தபோது 16:9 கண்ணில் பட்டது, அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். டிவி மாதிரி அகலமாக வரும், நிறைய அடங்கும் என்று நினைத்து அதிலேயே வைத்துவிட்டு மறந்தும் போனேன். ஒரு வருடம் கழித்துப் பழைய படங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது, நான் எடுத்த குரூப் போட்டோக்களில் பாதிப் பேருக்குப் பாதமே இல்லை. பின்னால் நகர இடமில்லாத அறைகளில் முழங்காலோடு சரி. அதுவரை லென்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

விஷயம் இதுதான். கேமராவுக்குள் ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சென்சார் ஒரே அளவுள்ள சிறு செவ்வகம், மெனுவில் எதை மாற்றினாலும் அது நீளவும் போவதில்லை, அகலவும் போவதில்லை. பெரும்பாலான சிறிய கேமராக்களில் அந்தச் செவ்வகம் 4:3 வடிவம். நீங்கள் 16:9 கேட்டால் கேமரா மேலேயும் கீழேயும் கொஞ்சம் நறுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறது. பக்கவாட்டில் புதிதாக ஒரு விரற்கடை கூடச் சேர்வதில்லை. டிவி திரையை முழுசாக நிரப்புவதால் அகலமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். அரை மணி நேர வேலை.

படி 1: சென்சாரின் சொந்த வடிவம் எது?

மெனுவில் விகிதத்தை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் அதிகபட்சப் பட அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எதில் மெகாபிக்சல் அதிகமோ அதுதான் சென்சாரின் சொந்த வடிவம். 20 மெகாபிக்சல் கேமரா ஒன்றில் இப்படி இருக்கும்: 4:3-ல் 5184 × 3888, 3:2-ல் 5184 × 3456, 16:9-ல் 5184 × 2916, 1:1-ல் 3888 × 3888. முதல் மூன்றிலும் அகலம் அதே 5184 தான், உயரம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. கணக்குப் பிரியர்களுக்கு ஒரு வேடிக்கை: 16:9, 1:1 இரண்டிலும் மொத்தப் பிக்சல் எண்ணிக்கை ஒன்றேதான், பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் சரியாகக் கால்வாசி போகிறது, ஒன்றில் மேலும் கீழும், இன்னொன்றில் இடமும் வலமும்.

படி 2: சுவரைத் தயார் செய்யுங்கள்

வெறும் சுவரில் ஒட்டும் டேப்பால் ஒரு பெரிய சிலுவைக் குறி போடுங்கள். குறுக்கே ஒன்றரை மீட்டருக்கு மேல், நெடுக்கே ஒன்றேகால் மீட்டர். அதில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு, நடுவிலிருந்து எண் போட்டுக்கொண்டு போனால் பிறகு எண்ணிக் கண் வலிக்காது. கேமராவை 1 மீட்டர் தள்ளி மேசையிலோ ட்ரைபாடிலோ, லென்ஸ் சிலுவையின் நடுவைப் பார்க்கும் உயரத்தில், சுவருக்கு நேராக வையுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும்.

ஜூமைத் தொடவே தொடாதீர்கள். கேமராவை ஆன் செய்ததும் வரும் மிக அகலமான நிலையிலேயே இருக்கட்டும். சில மாடல்கள் அணைத்துப் போட்டால் கடைசியாக வைத்த ஜூமுக்கே போய் நிற்கும், அதனால் ஒருமுறை வைட் பக்கம் தள்ளி உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 3: எடுங்கள், எண்ணுங்கள்

செல்ஃப் டைமர் வைத்து நான்கு விகிதங்களிலும் ஒவ்வொரு படம். அப்புறம் கணினியில் திறந்து ஓரத்தில் எந்தக் கோடு தெரிகிறது என்று பாருங்கள்.

என்ன வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கும் போடலாம். லென்ஸின் முன் வளையத்தில் 4.3 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும், அது வைட் நிலையில் உண்மையான குவியத் தூரம், மில்லிமீட்டரில் (இது குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்). சாதாரண 1/2.3 அங்குல சென்சார் என்பது ஏறக்குறைய 6.17 × 4.55 மி.மீ. சுவரில் அடங்கும் அகலம் வேண்டுமென்றால், சுவர் இருக்கும் தூரத்தைச் சென்சார் அகலத்தால் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்துவிடுங்கள். 100 செ.மீ. தூரத்துக்கு 143 செ.மீ. வரும். உயரத்துக்கும் அதே கணக்குதான், 4:3-ல் 106 செ.மீ. வருகிறது. 3:2-க்குப் போனால் உயரம் 96, 16:9-ல் 81 தான். அகலம் மூன்றிலும் அதே 143. சுவரில் பார்க்கும்போது அந்த 25 செ.மீ. வித்தியாசம் கண்ணை உறுத்தும், என் குரூப் போட்டோவின் பாதங்கள் போன இடம் அதுதான். கோணமாகச் சொன்னால் செங்குத்துக் காட்சிக் கோணம் சுமார் 56 பாகையிலிருந்து 44-க்கு இறங்குகிறது, கிடைமட்டம் 71 பாகையில் அப்படியே நிற்கிறது. உங்கள் அளவு ஒன்றிரண்டு செ.மீ. தள்ளி வந்தால் கவலை வேண்டாம், சுவரிலிருந்து லென்ஸுக்குள் எந்தப் புள்ளி வரை அளக்கிறோம் என்பதிலேயே அவ்வளவு போய்விடும்.

இதிலிருந்தே இன்னொரு குழப்பமும் தீரும். பெட்டியில் “24 மி.மீ.க்குச் சமம்” என்று, அதாவது 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குச் சமம் என்று போட்டிருப்பது பொதுவாக மூலைக்கு மூலை அளவை வைத்து, அதுவும் சென்சாரின் முழு வடிவத்துக்கு. 16:9-க்கு மாற்றினால் மூலைவிட்டம் சுருங்கிவிடும், அதே லென்ஸ் அப்போது 26 மி.மீ. போல, கொஞ்சம் குறுகலாகத்தான் நடந்துகொள்ளும்.

எல்லாக் கேமராவும் இப்படியா? இல்லை. 1 அங்குல சென்சார் உள்ளவை, உதாரணத்துக்கு சோனி ஆர்எக்ஸ்100, 3:2 வடிவத்தில் வருகின்றன. அங்கே 4:3 போட்டால் உயரம் தப்பிக்கும், பக்கங்கள் போகும், 5472 பிக்சல் அகலம் 4864 ஆகிவிடும். 2008-ல் வந்த பானசோனிக் எல்எக்ஸ்3 இன்னும் சுவாரசியம். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்திலேயே விகிதம் மாற்ற ஒரு சுவிட்ச், உள்ளே தேவைக்குக் கொஞ்சம் பெரிய சென்சார். 4:3-ல் 3648 × 2736 எடுப்பது 16:9-ல் 3968 × 2232 எடுக்கும், அதாவது உயரம் குறையும்போது அகலம் நிஜமாகவே கூடுகிறது. 2014-ல் வந்த எல்எக்ஸ்100-லும் இதே ஏற்பாடுதான். படி 1-ல் உங்கள் கேமராவின் அகல எண்ணும் இப்படி ஏறினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, 16:9-ஐ தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மற்றவர்களுக்கு என் யோசனை, சொந்த விகிதத்திலேயே எடுத்துவிட்டு வெட்டுவதைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா வெட்டினால் இரண்டு ஓரத்திலும் சமமாகத்தான் வெட்டும், நீங்கள் வெட்டினால் வானத்தைக் குறைத்துப் பாதத்தைக் காப்பாற்றலாம். 4 × 6 அங்குலப் பிரிண்ட் 3:2 வடிவம் என்பதால் 4:3 படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அங்கேயும் போகும், தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டே எடுங்கள். 1:1 மட்டும் எனக்கு விதிவிலக்கு, சதுரத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே அமைப்பது தனி சுகம், அதற்காகக் கால்வாசியை இழக்கலாம்.

சுவரிலிருந்து டேப்பை உரிக்கும் முன் ஒரு பத்து விநாடி வீடியோவும் எடுத்துவிடுங்கள். வீடியோ 16:9 என்பதால் உயரம் எப்படியும் குறையும், ஆனால் ஆட்டம் குறைக்கும் வசதியை ஆன் செய்து ஒன்று, ஆஃப் செய்து ஒன்று எடுத்துப் பார்த்தால் பல கேமராக்களில் அந்த 143-ம் கூடக் குறைந்திருக்கும்.