பழைய காலத்து வீட்டுல வீல்சேரோட தங்கணுமா? புக் பண்றதுக்கு முன்னாடி டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க

கிராமத்துப் பக்கம் இருக்குற நூறு, இருநூறு வருஷத்து வீட்டையெல்லாம் சரி பண்ணி லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க, சிலதுல "வீல்சேர் வசதி உண்டு"ன்னும் போட்டிருப்பாங்க. அந்த ஒரு வரியை மட்டும் நம்பி அட்வான்ஸ் கட்டிடாதீங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல, நல்லா நடக்கறவங்க கண்ணுக்கு படியே தெரியாது, அவ்ளோதான். போன்ல கேட்டா "படியெல்லாம் இல்லைங்க"ம்பாங்க, "வாசல்ல?"ன்னு திருப்பிக் கேட்டா "ஆங், அங்க மட்டும் ஒண்ணு இருக்கு, சின்னதுதான்"னு வரும். அந்த சின்னது எத்தனை சென்டிமீட்டர்ங்கறதுதான் நமக்கு வேணும்.

அதனால வசதி இருக்கான்னு கேக்காம அளவைக் கேளுங்க, டேப்பை வச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கதவை முழுசா திறந்து வச்சிட்டு, திறந்த கதவுல இருந்து எதிர்ப்பக்க நிலை வரைக்கும் அளக்கணும். நிலைக்கு நிலை அளந்தா கதவோட தடிமனும் சேந்துடும், பழைய கதவுன்னா அதுவே நாலஞ்சு சென்டிமீட்டர் தின்னுடும். அமெரிக்காவோட ஏடிஏ (மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம்) விதி வாசலுக்கு 32 இன்ச் கேக்குது, அதாவது சுமாரா 81 செ.மீ. கையால தள்ளுற வீல்சேர் பெரும்பாலும் 60-70 செ.மீ அகலம்தான், ஆனா சக்கரத்தைப் புடிச்சிருக்குற கைக்கும் இடம் வேணும்ல. ரெட்டைக் கதவா இருந்தா ரெண்டும் திறக்குமான்னு தனியா கேளுங்க, ஒரு பக்கத்துத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சு வருஷக்கணக்கா அசையாம இருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

அடுத்தது நிலைப்படி. வெளிப்பக்கம் ஒரு உயரம், உள்பக்கம் ஒரு உயரம்னு இருக்கும், ரெண்டையும் அளக்கச் சொல்லுங்க. சரிவுக்கு கணக்கு ஒண்ணுக்கு பன்னெண்டு, 15 செ.மீ படின்னா 180 செ.மீ நீள ராம்ப் வேணும். ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சிட்டு ராம்ப் இருக்குன்னு சொல்றவங்களும் உண்டு, அதுல ஏறினா சேர் பின்னால மல்லாந்துடும். கார் நிக்கிற இடத்துல இருந்து வாசல் வரைக்கும் நடந்துகிட்டே ஒரு வீடியோ கேளுங்க. ஜல்லி கொட்டியிருந்தா பார்க்க அழகா இருக்கும், முன் சக்கரம் புதைஞ்சுடும்.

பாத்ரூம்தான் உண்மையான பரீட்சை. இந்த மாதிரி வீடுகள்ல அது பின்னாடி சேர்த்தது, ஏதோ ஒரு மூலையைத் தடுத்துக் கட்டியிருப்பாங்க, உள்ள இறங்க ஒரு படி வேற. சேர் திரும்ப 150 செ.மீ வட்டம் வேணும், டாய்லெட் சீட் 43ல இருந்து 48 செ.மீ உயரத்துல இருந்தா மாறி உக்கார சுலபம், எந்தப் பக்கம் காலி இடம்னும் கேட்டுக்கோங்க. சக்‌ஷன்ல ஒட்டுற கைப்பிடியை எடுத்துட்டுப் போறவங்க கவனம், சுண்ணாம்புச் சுவர்லயும் கரடுமுரடான கல்லுலயும் அது நிக்காது, வழவழப்பான டைல்ஸ்ல ஒட்டினாலும் முழு எடையைப் போட்டு அதுல தொங்கக் கூடாது. ஷவர் சேரை கையோட கொண்டு போறது நல்லது.

இன்னொண்ணு, பாதுகாக்கப்பட்ட கட்டடமா இருந்தா வாசலை இடிச்சு அகலப்படுத்த ஓனர் நெனச்சாலும் அனுமதி கிடைக்காம போகலாம், அதுக்காக அவங்ககிட்ட சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. சுவரைத் தொடாம செய்யக்கூடியதைக் கேளுங்க: கழட்டி வைக்கிற ராம்ப், கார்ப்பெட்டைச் சுருட்டி வைக்கிறது, வழியில நிக்கிற அலமாரியை நகர்த்துறது, பாத்ரூம் கதவைக் கழட்டிட்டு ஸ்க்ரீன் போடுறது. மனசு வச்சா பெருசாவும் செய்யலாம், இங்கிலாந்துல ஆஸ்ட்லி கேஸில்னு ஒண்ணு, 1978ல தீப்பிடிச்சு பாழாக் கிடந்தது, பழைய கட்டடங்களைக் காப்பாத்துற லேண்ட்மார்க் ட்ரஸ்ட்ங்கற அமைப்பு அதை எடுத்து இடிஞ்ச சுவருக்குள்ளயே புதுசா வீடு கட்டி லிஃப்டும் வச்சு தங்க விடுறாங்க, 2013ல கட்டடக்கலைக்கான ஸ்டிர்லிங் பரிசும் வாங்குச்சு. ஆனா நிறைய இடத்துல மாடியில இருக்குற ஓவியத்தையும் பால்கனியையும் போட்டோல காட்டிட்டு உங்களுக்குக் கீழ ஒரு பழைய ஸ்டோர் ரூமைத்தான் குடுப்பாங்க. அப்படின்னா எதுக்கு அந்தக் காசு, என்னைக் கேட்டா வேற வீடு பாருங்க.

பவர் சேரோ ஆக்சிஜன் மெஷினோ இருந்தா கட்டில் பக்கத்துல பிளக் பாயின்ட் இருக்கா, வயரிங் மாத்தியாச்சா, கரண்ட் போனா என்ன ஏற்பாடுன்னு கேட்டுடுங்க. தடிச்ச கல் சுவருக்குள்ள மொபைல் சிக்னல் பல நேரம் வராது, எந்த மூலையில கிடைக்குதுன்னு போன உடனே பாத்து வச்சுக்கோங்க, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மேப்பை ஆஃப்லைன்ல இறக்கிட்டுப் போங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி படி இல்லாத ரெண்டாவது வழி எதுன்னு ஒரு தடவை உருட்டிப் பாத்துடுங்க, அவசரத்துக்கு பின்கதவைத் திறந்தா மூணு படி இறங்கும்னு அப்போ தெரிஞ்சா கஷ்டம். காது கேக்காதவங்க கூட இருந்தா வெளிச்சம் அடிக்கிற ஃபயர் அலாரம் இருக்கான்னும் கேக்கணும்.

திரும்பி வந்ததும் ரிவ்யூ போடுறப்ப "சூப்பர் இடம்"னு மட்டும் எழுதாம வாசல் இத்தனை, படி இத்தனை, பாத்ரூம் இத்தனைன்னு நீங்க அளந்ததை அப்படியே போட்டுடுங்க, ஓனருக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, அடுத்து கேக்கறவங்களுக்கு அவரே எடுத்துக் காட்டிக்கட்டும்.