அன்சிபிளில் லூப்: நான் விட்ட பிழைகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

கிளிநொச்சியில் ஒரு கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 20 கணினி, எல்லாம் உபுண்டு. ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தியிருந்து ஒரே கட்டளையைத் தட்டப் பஞ்சிப்பட்டுத்தான், ஒரு கணினியிலிருந்தே மற்ற எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும் அன்சிபிள் என்ற கருவியைப் பழகினேன். அதில் என்னை அதிகம் மினக்கெடுத்தியது லூப், அதாவது ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைத் திரும்பச் செய்விப்பது.

லூப் எழுதுமுன் ஒன்றைப் பாருங்கள்: ஏற்கனவே யாராவது சுற்றுகிறார்களா? அன்சிபிள் தன் பாட்டில் சுற்றும். இன்வென்டரி என்ற கணினிப் பட்டியலில் உள்ளவற்றை, நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், ஐந்தைந்தாக எடுத்து ஒரு டாஸ்க்கை (ஒரு வேலையை) எல்லாவற்றிலும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். இது விளங்காமல் ஐபி முகவரிகளை லூப்பில் அடுக்கி, உள்ளே, தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கட்டளை எழுதுகிற பொடியள் இருக்கிறார்கள். நானும் எழுதினவன்தான். நாம் எழுதும் லூப் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக ஓடும். 8 பொருள் உள்ள லூப் என்றால் 20 கணினிக்கும் சேர்த்து 160 ஓட்டம்.

அந்த 160 உறைக்கிற இடம் மென்பொருள் நிறுவல். ஒவ்வொரு மென்பொருள் பொதியையும் லூப்பில் விடுவது, தருமபுரத்திலிருந்து பரந்தன் சந்திக்குச் சைக்கிளில் போய்ச் சீனி வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, தேயிலைக்குத் திரும்பவும் மிதிக்கிற வேலை. மென்பொருள் நிறுவும் ஏபிடி மாட்யூலில் (அன்சிபிளின் ஆயத்தத் துணுக்கு) பெயர் எழுதும் இடத்திலேயே முழுப் பட்டியலையும் கொடுக்கலாம். லூப்பே தேவையில்லை.

அடுத்தது ரெஜிஸ்டர், டாஸ்க்கின் விடையை ஒரு மாறியில் பிடித்து வைப்பது. லூப் இல்லாத டாஸ்க்கில் விடையை நேரே எடுத்துப் பழகியிருப்போம். லூப் வந்ததும் ஒவ்வொரு சுற்றின் விடையும் ‘ரிசல்ட்ஸ்’ என்ற பட்டியலுக்குள் போய்விடும். ஏதாவது மாறியதா என்பது போன்ற மொத்தத் தகவல் மேலேயும் கிடைக்கும். அதைக் கண்டு மற்றதும் அங்கேதான் என்று ஏமாறுகிறோம். நடுவில் ஒன்று பிழைத்துப்போனால் லூப் அதோடு நின்றுவிடும் என்றும் நம்பவேண்டாம். மிச்சத்தையும் செய்துவிட்டுத்தான் டாஸ்க் தோற்றது என்று சொல்லும்.

என்னை ஒரு பின்னேரம் முழுக்க இருத்தி வைத்த பிழை வேறு. வகுப்புக்கொரு கோப்புறை, அதற்குள் ‘கட்டுரை’, ‘படம்’, ‘பயிற்சி’ என்று மூன்று கோப்புறை வேண்டும். வெளி லூப் தரம் 10, தரம் 11 என்று சுற்றி, வேறொரு டாஸ்க் கோப்பை இழுத்துவரும். அந்தக் கோப்புக்குள் இன்னொரு லூப். அந்தந்தச் சுற்றின் பொருளை வைத்திருக்கும் மாறியின் பெயர் இரண்டிலும் ‘ஐட்டம்’. ஓடி முடிந்தபின் போய்ப் பார்த்தால் ‘தரம்10’ என்று ஒன்றுமே இல்லை. ‘கட்டுரை’க்குள் ‘கட்டுரை’, ‘படம்’த்துக்குள் ‘படம்’. உள் லூப்பின் ஐட்டம் வெளி ஐட்டத்தை மூடிவிட்டது. சிவப்பாக ஒரு வரியும் இல்லை. ‘இந்த மாறி ஏற்கனவே பாவனையில் உள்ளது’ என்ற எச்சரிக்கை மட்டும் மேலே ஓடிப்போயிருந்தது, நான் வாசிக்கவில்லை. வெளி லூப்பில் லூப் கண்ட்ரோலுக்குக் கீழே ‘லூப் வார்’ போட்டு ‘வகுப்பு’ மாதிரி வேறு பெயர் வைத்தால் தீர்ந்தது. இப்போது, உள்ளே லூப் இருக்கிறதோ இல்லையோ, கோப்பை இழுக்கும் லூப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெயர் வைத்துவிடுகிறேன்.

பழைய பிளேபுக்குகளில் (டாஸ்க்குகளை எழுதிவைக்கும் கோப்புகளில்) லூப்புக்குப் பதில் ‘வித் ஐட்டம்ஸ்’ இருக்கும். ‘லூப்’ அன்சிபிளின் 2.5 பதிப்பில் வந்தது. சொல்லை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள்: பழையது பட்டியலுக்குள் இருக்கும் பட்டியலை ஒரு படி பிரித்துக் கொட்டும், புதியது பிரிக்காது. ‘ஃபிளாட்டன்’ என்ற வடிகட்டியை ஒரு படிக்கு என்று சேர்க்கவேண்டும்.

மாணவர் கணக்குகளைக் கடவுச்சொல்லோடு லூப்பில் விடும்போது சிலர் ‘லேபல்’ போட்டு ஒளித்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். லேபல், ஒவ்வொரு சுற்றுக்கும் திரையில் எதைக் காட்டுவது என்று சொல்லி, திரையைத் துப்புரவாக்கத்தான். ஒளிக்க வேண்டுமென்றால் ‘நோ லாக்’.

கடைசியாக, ‘அன்டில்’. இது பட்டியலைச் சுற்றாது. வேலை சரிவரும்வரை திரும்பத் திரும்ப முயலும். நீங்கள் எண் கொடுக்காவிட்டால் 3 மறுமுயற்சி, இடையில் 5 விநாடி, அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தபின் கணினி எழும்பட்டும் என்று காத்திருக்க இது காணாது. அதற்கென்றே ‘வெயிட் ஃபார் கனெக்‌ஷன்’ என்ற மாட்யூல் இருக்கிறது, தானாகவே 600 விநாடி பொறுக்கும். எங்கள் பின்வரிசையில் இருக்கிற கிழட்டுப் பெட்டிகூட அதற்குள் எழும்பிவிடும்.