'டவுன்ஸ்டேர்ஸ்': தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஐ ஆம் கோயிங் டு டவுன்ஸ்டேர்ஸ்.' ஆபீஸிலும் அபார்ட்மெண்டிலும் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. அந்த 'டு' அங்கே வரவே கூடாது, 'ஐ ஆம் கோயிங் டவுன்ஸ்டேர்ஸ்', அவ்வளவுதான். 'ஹீ இஸ் இன் டவுன்ஸ்டேர்ஸ்' என்பதும் இதே கதைதான், 'இன்', 'அட்' எதையும் முன்னால் போடாமல் 'ஹீ இஸ் டவுன்ஸ்டேர்ஸ்' என்றாலே அவர் கீழே இருக்கிறார் என்று புரிந்துவிடும்.

இந்தச் சொல்லைக் 'கீழ்த்தளம்' என்று மனதில் வைத்திருப்பதுதான் சிக்கல். கீழ்த்தளத்துக்கு, கீழ்த்தளத்தில் என்று நமக்கு வேற்றுமை உருபு தேவைப்படுகிறது, அது ஆங்கிலத்தில் 'டு', 'இன்' ஆகி ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பதிலாக 'கீழே' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கீழேக்குப் போறேன்', 'கீழேயில் இருக்கேன்' என்று யாராவது சொல்வார்களா? ஆனால் 'கீழே இருந்து சத்தம் வருது' என்போம், ஆங்கிலத்திலும் 'ஃப்ரம் டவுன்ஸ்டேர்ஸ்' சரிதான். 'அப்ஸ்டேர்ஸ்', 'அப்ராட்' எல்லாம் இதே வகை, 'கோயிங் டு அப்ராட்' என்பதும் தவறு.

முன்னால் 'த' சேர்த்து, பின்னால் வேறு பெயர் எதுவும் வராமல் தனியாக நின்றால் அது பெயர்ச்சொல், அப்போது கீழ்த்தளம் என்றே பொருள். மழைத்தண்ணீர் புகுந்து கீழ்த்தளம் ஈரமாகிவிட்டது என்றால் 'த டவுன்ஸ்டேர்ஸ் இஸ் வெட்'. கடைசியில் 'ஸ்' இருக்கிறதே என்று 'ஆர்' போடாதீர்கள், அது பன்மை இல்லை. அந்த 'ஸ்'ஸை விட்டுவிட்டு 'டவுன்ஸ்டேர்' என்பதும் வேண்டாம், கீழ் வீட்டுக்காரரைச் சொல்லும்போதும் 'டவுன்ஸ்டேர்ஸ் நெய்பர்' தான். எழுதும்போது நடுவில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

சுருக்கமாக இருக்கட்டும் என்று 'ஐ ஆம் டவுன்' என மெசேஜ் அனுப்பினால், மனசு சரியில்லை என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

அப்புறம், இந்தச் சொல் எந்த மாடி என்று சொல்வதே இல்லை. மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு இரண்டாம் மாடியும் டவுன்ஸ்டேர்ஸ், தரைத்தளத்தில் இருப்பவருக்கு அடியில் உள்ள பேஸ்மெண்ட் டவுன்ஸ்டேர்ஸ். இங்கிலாந்தின் இரண்டு தள வீடுகளில் படுக்கையறைகள் பெரும்பாலும் மேலே, சமையலறையும் ஹாலும் கீழே, அதனால் அங்கே இந்த ஒரு சொல் போதும். ஐந்து மாடிக் கட்டடத்தில் கூரியர்காரரிடம் 'டவுன்ஸ்டேர்ஸ்ல குடுத்துடுங்க' என்றால் அவர் எங்கே போவார்? மாடி எண்ணைச் சொல்லிவிடுங்கள். பேசுபவர் அமெரிக்காவில் இருந்தால் அதிலும் கவனம் வேண்டும், நாமும் பிரிட்டிஷ்காரர்களும் 'கிரவுண்ட் ஃப்ளோர்' என்பதை அங்கே பெரும்பாலும் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்பார்கள்.

'டவுன் த ஸ்டேர்ஸ்' வேறு. அதில் படிக்கட்டுதான் முக்கியம். 'ஷீ ஃபெல் டவுன் த ஸ்டேர்ஸ்' என்றால் படியில் உருண்டு விழுந்தாள். கீழ்த்தளத்தில் எங்கோ வழுக்கி விழுந்ததைச் சொல்ல இது உதவாது, அதற்கு 'ஷீ ஸ்லிப்ட் இன் த டவுன்ஸ்டேர்ஸ் பாத்ரூம்' என்று இடத்தையே சொல்லிவிடுவது நல்லது.