"டேய், பேஸ் எங்கடா?" – ட்ரிபியூட் பேண்ட் ஒத்திகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஒரு ட்ரிபியூட் பேண்டில், அதாவது புகழ்பெற்ற பேண்டுகளின் பாட்டுகளை அப்படியே வாசிக்கும் குழுவில், நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். முதல் தடவை எங்கள் ஒத்திகையைப் பதிவு செய்தபோது போனை என் பேஸ் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) மேலேயே வைத்தேன். பேஸ் நன்றாக விழ வேண்டும் என்ற ஆசைதான். இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு, ஸ்டுடியோ இருந்த தொழிற்பேட்டைக் கட்டடத்துக்குக் கீழே காப்பிக்கடையில் தே தாரேக்குக்கு (இழுத்து ஆற்றிய டீ) சொல்லிவிட்டுப் போட்டுக் கேட்டால், போன் ஆம்ப் மேல் கிடந்து நடுங்கிய 'டர்ர்ர்' சத்தம்தான் இருக்கிறது, அதற்கு அடியில் எங்கோ தூரத்தில் ஒருவர் பாடுகிறார். கிட்டார் வாசிக்கும் நண்பன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்: "டேய், பேஸ் எங்கடா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பாதித் தவறுகளைக் கண்டுபிடித்தேன். பேஸ் வாசிப்பவனுக்குக் கேட்பது ஒன்று, அறைக்குள் ஒலிப்பது இன்னொன்று. பதிவு இல்லாமல் இது பிடிபடவே பிடிபடாது, அதுவும் பதிவு உண்மையைச் சொல்ல வேண்டும்.

போனில் இருக்கும் குரல் பதிவுச் செயலி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் கூடினால் தானாகவே அளவைக் குறைக்கும், குறைந்தால் தூக்கிவிடும். ஸ்நேர் ட்ரம் அடி ஒவ்வொரு முறை விழும்போதும் மொத்த பேண்டும் ஒருகணம் மூழ்கி எழும், கடல் அலை மாதிரி. அந்தத் தானியங்கி வேலையை அணைக்க முடிகிற செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ரெக்கார்டரில் அளவு வைக்கும்போது நடக்கும் தவறு, எல்லோரும் டியூன் செய்துகொண்டிருக்கும்போதே வைத்துவிடுவது. முதல் பாட்டில் யாரும் முழு பலத்தோடு அடிப்பதில்லை. இருப்பதிலேயே சத்தமான பாட்டின் கோரஸை ஒரு தடவை வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கிற மாதிரி வையுங்கள். உச்ச வரம்பான பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை அப்புறம் யாராலும் ஒட்டவைக்க முடியாது.

வைக்கும் இடம் இன்னும் முக்கியம். பேஸின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் ஒரு அலை 8 மீட்டருக்கும் மேல், நம்மூர் ஜாம்மிங் அறைகள் பலவற்றின் நீளமே அவ்வளவு இருக்காது. அதனால் அது சுவரில் மோதித் திரும்பி, ஓர் இடத்தில் குவியும், இன்னோர் இடத்தில் காணாமல் போகும். மூலையில் ரெக்கார்டரை வைத்தால் எல்லாமே 'பூம்', இரண்டடி தள்ளி வைத்தால் பேஸே இல்லை. காது உயரத்தில், மூலைகளைவிட்டு விலகி, அறையின் நட்டநடுவும் இல்லாமல் ஓர் இடம் பிடியுங்கள். ஒரே பாட்டை மூன்று இடங்களில் வைத்துப் பதிந்து பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, மூன்று வெவ்வேறு பேண்டுகள் வாசித்த மாதிரி இருந்தது.

சரி, பதிவு ஒழுங்காக வந்தும் பேஸ் கேட்கவில்லையா? அப்போது கை வைக்க வேண்டியது உங்கள் டோனில். நம்மில் பலர் எச்டிபி அடுக்குமாடி வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவாரோ என்ற பயத்தில், ஹெட்போன் மாட்டி வாசித்தே டோனைத் தேர்ந்தெடுக்கிறோம். தனியாகக் கேட்கும்போது கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் ஏற்றி, நடு ஒலியைக் குறைத்தால் தேன் மாதிரி இருக்கும். பேண்டோடு சேர்ந்ததும் கீழ் ஒலியைக் கிக் ட்ரம் விழுங்கிவிடும், மேல் ஒலியைச் சிம்பல் தின்றுவிடும், உங்களுக்கென்று மிச்சம் ஏதும் இருக்காது. நடு ஒலியைத் தூக்குங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. அதோடு தரையில் இருக்கும் சின்ன ஆம்ப் உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், காதுக்கு வரும். இல்லையென்றால் நீங்கள் சத்தத்தைக் கூட்ட, கிட்டார் கூட்ட, ட்ரம்மர் ஓங்கி அடிக்க, பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்த, ஒத்திகை சந்தைக்கடைதான். காதடைப்பான் போடாமல் வாசிப்பதும் பெரிய தவறு. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கில் 100 டெசிபெலில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் வரம்பு. நாம் புக் செய்வது இரண்டு மணி நேரம்.

ட்ரிபியூட் பேண்டுக்கே உரிய தவறு வேறு. ரசிகர்களுக்குப் பாட்டு மனப்பாடம், அதனால் ஒரு சுரம் மாறினாலும் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து, ஆல்பத்தை மட்டும் கேட்டுக் கற்றுக்கொள்கிறோம். மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் மிக்ஸிங்கில் கிட்டத்தட்டப் புதைந்தே போனது, அதில் காதைத் தீட்டி என்ன பயன்? மேடைப் பதிவுகளைத் தேடுங்கள். டியூனிங்கும் அப்படித்தான். கன்ஸ் அன் ரோசஸ் 1987 ஆல்பத்துக்கு அரை சுரம் இறக்கி வாசித்தார்கள். ப்ளாக் சபாத் 1971ல் ஒன்றரை சுரம் வரை இறங்கினார்கள். 45 முதல் 105 வரை தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) உள்ள வழக்கமான கம்பிகளை அவ்வளவு இறக்கினால் கொடியில் துணி தொங்குகிற மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும். இசைக்கருவிக் கடைகள் இருக்கும் பெனின்சுலா பக்கம் போகும்போது தடித்த கம்பி ஒரு செட் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், வாசிக்காமல் இருக்கத் தெரியாதது. ஏசி/டிசியின் 'ஹைவே டு ஹெல்' பாட்டில் சரணத்தில் பேஸே கிடையாது, கோரஸை நெருங்கும்போதுதான் உள்ளே வருகிறது. நான் ஆறு மாதம் அந்த இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன், கை சும்மா இருக்காதே! பதிவில் கேட்டபோதுதான் கோரஸ் ஏன் எழும்பவில்லை என்று புரிந்தது.

பதிவைக் கேட்பதிலும் தப்பு செய்கிறோம். வாட்ஸப்பில் அனுப்பி, போன் ஸ்பீக்கரில் கேட்பது. அந்தப் பொட்டு ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது, அந்தச் சுரத்தோடு சேர்ந்து மேலே எழும் மெல்லிய துணை ஒலிகள் மட்டும் வரும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கேட்கும்போது தவறான சுரத்தையே துரத்தாதீர்கள், அது உங்களுக்கு வாசித்த நொடியிலேயே தெரிந்திருக்கும். காலப்பிரமாணத்தைப் பாருங்கள். எங்கள் பாட்டு ஒன்று நிமிடத்துக்கு 116 தட்டில் கிளம்பி 124ல் முடிந்தது. எல்லோரும் ட்ரம்மரைத் திட்டினோம், எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டால் ட்ரம்மர் இடையில் போடும் ஒவ்வொரு ஃபில் (சின்ன உருட்டு) முடிவிலும் முந்திக்கொண்டு இறங்குவது நான். இரண்டாவது, சுரத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. ஸ்நேர் விழும் அதே நேரத்தில் பேஸை அறுத்தால் பாட்டு நிமிர்ந்து நிற்கும், கொஞ்சம் இழுத்துவிட்டால் சேறு. சின்ன வயதில் மிருதங்க வகுப்பில் வாத்தியார் 'அடிக்கிறது எல்லாரும் அடிப்பான், நிறுத்துடா' என்று தலையில் குட்டுவார், அது இப்போது உறைக்கிறது. பிங்க் ஃப்ளாய்டின் 'மனி' மாதிரி ஏழு எண்ணிக்கையில் போய், கிட்டார் சோலோவில் நாலுக்கு மாறி, திரும்ப ஏழுக்கு வரும் பாட்டு என்றால் அந்தச் சந்திகளை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக் கேளுங்கள். நமக்கு ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு தெரியும் என்ற தெனாவட்டில் நான் விழுந்த இடம் அது.

தவறு கண்டுபிடித்ததும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "2:14ல் யாரு?" என்று குழுவில் போடாதீர்கள். காலையில் போடுங்கள். முதலில் உங்கள் தவறைப் போடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. போனில் பதிகிறீர்கள் என்றால் ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள், அருமையான டேக் நடுவில் அம்மா கூப்பிடுவார். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் பாட்டின் பெயரை வாயால் சொல்லிவிடுங்கள், 'புதிய பதிவு 47' என்பதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. வெளியே வேகிற வெயிலில் சுமந்து வந்த பேஸைக் குளிர்ந்த அறையில் எடுத்த உடனே டியூன் செய்யாதீர்கள். கம்பி குளிர்ந்து இறுகச் சுருதி ஏறிக்கொண்டே போகும், பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பேட்டரி உள்ள பேஸ் என்றால் ஒத்திகை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், செருகியே வைத்தால் அந்த 9 வோல்ட் பேட்டரி வாசிக்காமலே தீர்ந்துபோகும். அப்படித் தீர்ந்துபோய், இரவு பத்து மணிக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சதுர பேட்டரிக்காகப் பெட்ரோல் நிலையம் வரைக்கும் மழையில் ஓடியிருக்கிறேன். அங்கே ஒன்று இருந்தது, திரும்பி வந்தபோது எங்களுக்கான நேரத்தில் பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.