டி நிரல்மொழியில் ஃபோர்ஈச் சுழற்சியைப் பல வகைகளுக்கும் பொதுவாக்குதல்

டி நிரல்மொழியில் நாம் வரையறுக்கும் ஒரு ஸ்ட்ரக்டை (struct, பல மதிப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் வகை) ஃபோர்ஈச் (foreach, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் சுழற்சி) கொண்டு சுற்றிவர, எம்ப்டி (empty, முடிந்துவிட்டதா), ஃப்ரண்ட் (front, தற்போதைய உறுப்பு), பாப்ஃப்ரண்ட் (popFront, அடுத்ததற்கு நகர்தல்) ஆகிய மூன்றையும் எழுதி அதனை ரேஞ்ச் (range, வரிசையாகச் சுற்றிவரக்கூடிய வகை) ஆக்கலாம். அல்லது ஓப்அப்ளை (opApply) என்னும் ஒரே செயற்கூற்றை எழுதலாம். மரம் போன்று தன்னைத்தானே அழைத்து நடக்க வேண்டிய அமைப்புகளுக்கு இரண்டாவது வழியே எளிது என்பது என் கருத்து.

ஒரே மாதிரியான ஓப்அப்ளை பல ஸ்ட்ரக்டுகளில் தேவைப்படும்போது, அதை ஒவ்வொன்றிலும் நகலெடுத்து ஒட்டாமல், உறுப்பின் வகையை அளவுருவாகப் பெறும் ஒரு மிக்சின் டெம்ப்ளேட்டில் (mixin template, வேறு இடங்களில் அப்படியே சேர்க்கக்கூடிய நிரல் துண்டு) ஒருமுறை எழுதிவிட்டு, தேவையான ஸ்ட்ரக்டுக்குள் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உடற்பகுதி, சேர்க்கப்படும் இடத்தின் பெயர்களையே காணும் என்பதால், அந்தந்த ஸ்ட்ரக்டின் உள் அணியை (array) நேரடியாகப் பயன்படுத்த முடியும்.

இங்கே மிகுந்த கவனம் வேண்டியது திருப்பியனுப்பும் மதிப்பில்தான். டெலிகேட் (delegate, ஃபோர்ஈச்சுக்குள் பயனர் எழுதும் கட்டளைகளை ஓப்அப்ளைக்குக் கொண்டுவரும் செயற்கூறு) சுழியம் அல்லாத மதிப்பைத் தந்தால், சுற்றை உடனே நிறுத்தி அதே மதிப்பை மாற்றாமல் திருப்பியனுப்ப வேண்டும். தவறினால், பயனர் எழுதும் பிரேக், ரிட்டர்ன் ஆகியவை சரியாக இயங்கா.

ஸ்ட்ரக்டிலேயே வேறொரு ஓப்அப்ளை இருந்தால், மிக்சின் வழி வந்தது மறைந்துவிடும். அவ்வாறாயின் மிக்சினுக்கு ஒரு பெயரிட்டு, ஏலியாஸ் (alias, மாற்றுப்பெயர்) மூலம் இரண்டையும் இணைத்துவிடுங்கள்.