கருப்பட்டிப் பானக்கரம்: வீட்டில் கரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி வெயில் ஏறியதும் இராமநாதபுரம் கடலோர ஊர்களின் அம்மன் கோயில் திருவிழாக்களில் கருப்பட்டியும் புளியும் சுக்கும் மணக்கப் பானக்கரம் வழங்குவார்கள். அதே பொருள்களை வீட்டில் கரைத்தால் பல சமயம் அந்தச் சுவை வருவதில்லை. கருப்பட்டியைச் சர்க்கரைபோல நினைத்துக் கையாள்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பதற்காகக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தப் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி இறுக வைப்பதால், சுண்ணாம்பின் எச்சமும் சில நேரம் மணலும் கருப்பட்டியில் தங்கிவிடும். அவசரமாகக் கலக்கி ஊற்றினால் கடைசி மிடறு பல்லில் நறநறக்கும். 200 கிராம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கையால் பிசைந்து கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிறகும் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் அடியில் சாம்பல் நிற வண்டல் படியும். தெளிந்ததை மட்டும் சாய்த்து எடுக்க வேண்டும். அடுப்பில் கொதிக்க வைத்துக் கரைத்தால் பாகு வாடைதான் முந்தி நிற்கும்.

நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் ஊறுவது உவர்நீர். அதில் கரைத்த பானக்கரத்தை எந்தச் சுக்கும் காப்பாற்றாது. நல்ல குடிநீர் சேர்த்து மொத்தம் ஒரு லிட்டர் ஆக்குங்கள். சிட்டிகை உப்பு போடும் வழக்கமுள்ளவர்கள் சுவை பார்த்த பிறகே போடட்டும்.

நெல்லிக்காய் அளவு புளி போதும். எலுமிச்சை விரும்பினால் புளியை விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கருப்பட்டியின் மணம் அமுங்கிப்போகும். புளிப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் ஆகாது. மண்பானையோ எவர்சில்வரோ நல்லது. சுக்கைத் தோல் சீவி அப்போதே இடித்து அரைத் தேக்கரண்டியும், நான்கு ஏலக்காயும் சேர்த்தால் போதும்.

பச்சைக் கற்பூரம் இல்லையென்று பூசைச் சூடத்தைக் கிள்ளிப் போடுவது மிக ஆபத்தான தவறு. அது நஞ்சு, குழந்தைகளுக்கு வலிப்பையே உண்டாக்கக்கூடும். பச்சைக் கற்பூரமும் அளவு மீறக் கூடாது, இல்லாமலே செய்தாலும் குறையில்லை. கருப்பட்டி என்பதால் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகக் குடிக்கலாம் என்பதும் தவறான எண்ணமே. அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

கரைத்த பானக்கரம் இந்த வெயிலில் விரைவில் புளித்துவிடும். எனவே அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கரைத்து, மாலைக்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.