களவு செய்யாதே: இந்தக் கட்டளையைப் பற்றி நாம் விடும் தவறுகள்

பத்துக் கட்டளைகளுள் களவைப் பற்றியது மிகவும் சுருக்கமானது. அதனாலேயே அது எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்ற எண்ணமும் எளிதில் வந்துவிடுகிறது. இலங்கையின் வன்னியில் ஒரே ஊரில் கத்தோலிக்கப் பிள்ளை அதை ஏழாம் கட்டளை என்றும், மெதடிஸ்த சபைப் பிள்ளையோ பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளையோ எட்டாம் கட்டளை என்றும் படித்து வந்து ஒருவரையொருவர் திருத்த முற்படுவதுண்டு. விக்கிரகங்கள் பற்றிய பகுதியை முதற் கட்டளையோடு சேர்த்து எண்ணுவதா, தனியே எண்ணுவதா என்பதில் சபைகளுக்கிடையே உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் உள்ள வசனம் இருவருக்கும் ஒன்றுதான். எண்ணிக்கையில் வரும் இந்தப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை. கட்டளை யாருக்குச் சொல்லப்பட்டது, அது எதுவரை செல்கிறது, அதை மீறியவர் என்ன செய்ய வேண்டும் என்பவற்றில் நாம் விடும் பிழைகளால்தான் அயலவர் நட்டப்படுகிறார்.

களவு ஏன் பாவம் என்ற கேள்விக்கு, அகப்பட்டால் அவமானம் என்பதோ பொலிசார் பிடிப்பார்கள் என்பதோ கிறிஸ்தவ விடையாகாது. பூமியும் அதில் நிறைந்துள்ள யாவும் ஆண்டவருடையவை என்று 24ஆம் சங்கீதம் தொடங்குகிறது. ஆகவே ஒருவரிடம் உள்ள காணியும் மாடும் காசும் அவரும் அவர் குடும்பமும் வாழவும், இல்லாதவருக்குக் கொடுக்கவும் அவர் பொறுப்பில் விடப்பட்டவை. அவற்றைக் களவாக எடுப்பவர் உடையவரின் உழைப்பை எடுப்பதோடு, அவரிடம் அவற்றை ஒப்படைத்தவரையும் மீறுகிறார். களவு செய்யாதே என்பது உட்பட இத்தகைய கட்டளைகள் அனைத்தும் 'உன்னைப்போல் பிறனையும் நேசி' என்ற ஒன்றில் அடங்கும் என்று பவுல் ரோமர் 13இல் எழுதுவதும் இதனால்தான். அன்பு பிறருக்குத் தீங்கு செய்யாது என்பதே அவர் அங்கே காட்டும் அளவுகோல்.

கள்ளனுக்கு மட்டும் எழுதியதல்ல

இரவில் ஓடு பிரித்து இறங்குபவனுக்காகவே இந்தக் கட்டளை தரப்பட்டது என்று எண்ணுவது முதலாவது தவறு. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் களவைத் தடுத்த கையோடு, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திராதே என்கிறது. அதே அதிகாரத்தின் இறுதியில் நிறைகல்லும் அளவுபடியும் நேர்மையாக இருக்கவேண்டும் என்கிறது. யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரத்திலோ, வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. வயல்நிலத்தில் வாழும் நமக்கு இந்த வசனங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. களை பிடுங்கவும் கடலை பிடுங்கவும் வந்த பெண்களுக்கு 'நெல் விற்றபின் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு, நெல் விற்றபின்னும் மூன்று முறை வீட்டுக்கு அலைய வைப்பவர் தன்னைக் கள்ளன் என்று ஒருநாளும் நினைப்பதில்லை.

நெல் கொள்வனவில் ஈரப்பதனுக்கென்று மூட்டைக்கு இவ்வளவு கிலோ கழிப்பது வழக்கமாக இருக்கிறது. உண்மையான ஈரத்துக்கு ஏற்பக் கழிப்பது கணக்கு. காய்ந்த நெல்லுக்கும் அதே கழிவை எடுப்பது, அளவைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்குவோர் என்று ஆமோஸ் 8இல் தீர்க்கதரிசி சாடிய செயல். மூட்டையின் நடுவே பதரைக் கொட்டித் தைக்கும் கமக்காரருக்கும் அதே அதிகாரம் பொருந்தும். சிறுபோகத்தில் குளத்து நீர் குறைவாக இருக்கும்போது, கூட்டத்தில் ஒத்துக்கொண்ட முறையை மீறி இரவில் வாய்க்காலை மறித்துத் தன் வயலுக்குத் திருப்புவதையும் இங்கேயே சேர்க்கலாம். கடைசி வயற்காரரின் பயிர் கருகுவதைப் பார்த்தால், எடுக்கப்பட்டது வெறும் தண்ணீர் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

அரசாங்கத்தின் பொருள் ஒருவருக்கும் உரியதல்ல என்று எண்ணி மணலையும் முதிரை, பாலை மரங்களையும் அள்ளிச் செல்வது பற்றி நீட்டத் தேவையில்லை. எல்லோருக்கும் உரியதை எடுத்தால் எல்லோரிடமிருந்தும் எடுத்ததாகவே ஆகும். ஆற்று மணலைத் தோண்டத் தோண்ட அயற்கிராமத்தின் கிணற்றில் நீர்மட்டம் இறங்கும்.

ஆளில்லாத பொருளும் ஆள் திரும்பிய காணியும்

வன்னியில் மிகவும் வேதனையோடு கேட்கப்படும் கேள்வி இதுதான். போரின் இறுதியில், 2008இலும் 2009இலும், ஊர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. உழவு இயந்திரத்தில் ஏற்றியவை வழியிலும், கையில் எடுத்தவை கடற்கரையிலும் விடப்பட்டன. முகாம்களிலிருந்து மீள்குடியேற வந்த பலர், கூரையும் கதவுநிலைகளும் இல்லாத சுவர்களையே கண்டனர். மாடுகள் காட்டோடு போயிருந்தன. அந்தக் காலத்தில் கைமாறிய பொருட்களைப் பற்றி, 'விட்டுவிட்டுப் போனதுதானே, நான் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்திருப்பார்' என்று சொல்லிக்கொள்வது இரண்டாவது தவறு.

உபாகமம் 22 இதற்கு நேரடியாகவே விடை தருகிறது. வழிதவறிய மாட்டையோ ஆட்டையோ கண்டால் கண்டும் காணாததுபோல் போகக்கூடாது, உடையவரிடம் சேர்க்கவேண்டும். அவர் அருகில் இல்லாவிட்டால், அல்லது யாரென்று தெரியாவிட்டால், வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் தேடி வரும்வரை வைத்திருந்து பின் கொடுக்கவேண்டும். ஆக, காட்டில் அலைந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் கட்டியதில் பிழையில்லை, அது நன்மையே. உடையவரின் குறிக்கு மேல் தன் குறியைச் சுட்ட நொடியில்தான் காவல் களவாக மாறியது. அயல்வீட்டுத் தகரங்களைக் கழற்றிப் பாதுகாத்து, அவர்கள் வந்ததும் எண்ணிக் கொடுத்த மனிதர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள்; அவர்களைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

காணியில் சிக்கல் கூடுதல். ஒருவர் தனியார் காணியொன்றில் பத்தாண்டுகள் எதிர்ப்பின்றி ஆட்சியில் இருந்தால் உரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டத்தின் பழைய விதி. போரால் வரமுடியாதிருந்தவருக்கு எதிராக இந்த விதி பயன்படுவது அநீதி என்று கண்டே, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அத்தகையோருக்கு விசேட ஏற்பாடு செய்தது. நீதிமன்றத்தில் எவர் வெல்வார் என்பது சட்டத்தரணிகளின் வேலை. கிறிஸ்தவர் அதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி, 'இது யாருடையது என்று எனக்குத் தெரியுமா?' என்பது. 1 இராஜாக்கள் 21இல் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ஆகாபு அரசனின் கைக்கு வந்தபோது முறைப்படி எல்லாம் சரியாகவே இருந்தது: மூப்பர் கூடினார்கள், சாட்சிகள் இருவர் பொய் பேசினார்கள், தீர்ப்பின்படி நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டார். ஆனால் தோட்டத்தை எடுக்கப் போன அரசனை அந்தத் தோட்டத்திலேயே சந்தித்த தீர்க்கதரிசி எலியா, கொலை செய்து சுதந்தரித்தும் கொண்டாயோ என்றே கேட்டார். எல்லைக்கல்லை நகர்த்தாதே என்ற கட்டளை உபாகமத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. வேலியை ஒவ்வொரு மாரிக்கும் ஒரு முழம் தள்ளிப் போடுபவரை அதற்குமேல் தெளிவாக எச்சரிக்க முடியாது.

அதேவேளை, ஒரே துண்டுக்கு இருவரிடம் அனுமதிப்பத்திரம் இருப்பதும், வேறொருவர் குடியேற்றிவிட்டதால் விவரம் அறியாமல் வந்திருப்பதும் இங்கே நடந்தவை. அப்படிப்பட்டவரைக் கள்ளன் என்று ஊரெங்கும் சொல்வது, பொய்ச்சாட்சி கூறாதே என்ற அடுத்த கட்டளையை மீறுவதாகும். அது பிணக்கு, பிரதேச செயலகத்திலோ மத்தியஸ்த சபையிலோ பேசித் தீர்க்கவேண்டியது.

பசி என்னும் காரணம்

வறுமையைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு பக்கமும் தவறுகிறோம். ஏழை எடுத்தால் பாவமே இல்லை என்பார் சிலர். எவர் எடுத்தாலும் ஒரே தண்டனை என்பார் வேறு சிலர். வேதாகமம் இரண்டையும் ஏற்கவில்லை. பசிக்காகத் திருடியவனை மக்கள் இகழமாட்டார்கள், ஆனாலும் அகப்பட்டால் அவன் ஈடு கொடுக்கவேண்டும் என்று நீதிமொழிகள் 6 சொல்கிறது. உபாகமம் 23 இன்னும் நுட்பமானது: பிறனுடைய தோட்டத்தில் திராட்சைப்பழத்தை வயிறாரத் தின்னலாம், பாத்திரத்தில் எடுக்கக்கூடாது, விளைச்சலில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் வைக்கக்கூடாது. லேவியராகமம் 19 வயலின் ஓரங்களை முற்ற அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடும்படி உடையவருக்கே கட்டளையிடுகிறது. புனித தோமஸ் அக்குவினார் 13ஆம் நூற்றாண்டில் இந்த வழியிலேயே சிந்தித்து, உயிர் காக்கும் வெளிப்படையான அவசரத் தேவையில் எடுப்பது களவின் தன்மையைப் பெறாது என்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்றும் அதையே போதிக்கிறது.

இந்த விதிவிலக்கு மிகவும் ஒடுங்கியது. 2022இன் நெருக்கடியில் பிள்ளைக்குச் சோறில்லாமல் அயல்வளவில் ஒரு மரவள்ளியைக் கிண்டிய தாய்க்கு அது பொருந்தும். மோட்டார் சைக்கிளின் தவணைப் பணத்துக்காக ஒரு தோட்டத்து மரவள்ளி முழுவதையும் கிண்டி விற்றவருக்குப் பொருந்தாது. இதைவிட முக்கியமாக, ஓரத்தை விடாமல் அறுத்த வயற்காரரும் அந்தத் தாயின் பசிக்குக் கணக்குச் சொல்லவேண்டியவர் என்பதை நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

பிடிபட்டவரை மரத்தில் கட்டி அடித்து, அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து பரப்புவதை நியாயம் என்று எண்ணும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். சூரியன் உதித்தபின் கள்ளனைக் கொன்றால் கொன்றவன்மேல் இரத்தப்பழி சுமரும் என்கிறது யாத்திராகமம் 22. பொருட்களவுக்கு மோசேயின் சட்டம் விதித்தது ஈடு கொடுப்பதையே. கை வெட்டுவதையோ உயிர் எடுப்பதையோ அது விதிக்கவில்லை.

திருப்பிக் கொடாத மனந்திரும்புதல்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், அல்லது சபையில் கண்ணீரோடு சாட்சி சொல்லிவிட்டேன், ஆகவே கதை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு பொருளை வீட்டிலேயே வைத்திருப்பது. லேவியராகமம் 6 வகுத்த ஒழுங்கைப் பாருங்கள்: எடுத்ததை முழுமையாகவும், அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் உடையவருக்குக் கொடுக்கவேண்டும், குற்றநிவாரண பலி அதற்குப் பிறகு வருகிறது. வரி வசூலிப்போரின் தலைவரான சகேயு, இயேசுவின் முன் நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவேன் என்றார். தானாக அறிக்கையிடுபவருக்குச் சட்டம் கேட்டது ஐந்திலொரு பங்கு மாத்திரமே. திருடிய ஆட்டை அடித்துத் தின்றவனுக்குரிய நான்கு மடங்கை அவர் தன்மேல் எடுத்துக்கொண்டார்.

'பழையவை எல்லாம் ஒழிந்துபோயின' என்ற வசனத்தைக் காட்டி, இரட்சிக்கப்பட்டபின் பழைய கடனும் ஒழிந்தது என்று போதிப்பவர்கள் பிலேமோன் நிருபத்தை ஒருமுறை வாசிக்கவேண்டும். பிலேமோனின் அடிமையான ஒநேசிமு விசுவாசியாகிவிட்டான், பவுலுக்கு மகனாகவே ஆகிவிட்டான். அப்படியிருந்தும், அவன் உமக்கு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நான் தீர்ப்பேன் என்று பவுல் பிலேமோனுக்குத் தன் கைப்பட எழுதுகிறார். கடன் மறைந்துவிட்டது என்று அவர் எழுதவில்லை.

இன்னொரு குறுக்குவழி, உரியவரை விட்டுவிட்டு ஆலயத்துக்குக் கொடுப்பது. திருவிழாவுக்குப் பெருந்தொகை தருவது, சுரூபமோ ஒலிபெருக்கியோ வாங்கித் தருவது. கொள்ளைப் பொருளால் இடப்படும் பலியை வெறுக்கிறேன் என்று ஏசாயா 61இல் கடவுள் சொல்லியிருக்க, மூலத்தை விசாரியாமல் வாங்கி வைத்து நன்றியும் அறிவிக்கும் பங்குச்சபையும் அந்தத் தவறில் பங்குகொள்கிறது. சீட்டுப் பணத்தையும் சங்கப் பணத்தையும் ஆலயப் பணத்தையும் பொறுப்பில் வைத்திருப்பவர்கள், பணப்பையை வைத்திருந்து அதிலிருந்து எடுத்துவந்த யூதாசைப் பற்றி யோவான் 12 எழுதியிருப்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதில் உண்மையான இடர்கள் இருக்கின்றன. உடையவர் இறந்திருந்தால் அவருடைய உரித்தாளருக்குக் கொடுக்கவேண்டும். எண்ணாகமம் 5இன்படி வாங்குவதற்கு உறவினரே இல்லாதபோதுதான் அது ஆண்டவருக்கென்று ஒப்படைக்கப்படும், அந்த அடிப்படையில் ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்வது திருச்சபையின் வழக்கம். குடும்பம் கனடாவிலோ சுவிசிலோ இருக்கிறது என்பது இன்று தடையல்ல, வன்னியில் எந்த வீட்டிலும் தொலைபேசி இலக்கம் கேட்டால் கிடைத்துவிடும். பொருள் அழிந்துபோயிருந்தால் அதன் பெறுமதியைத் தரலாம், ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகத் தரலாம். பிறர் காணியைப் பல போகங்கள் செய்தவர், உடையவருக்கு நியாயமாகக் கிடைத்திருக்கவேண்டிய பலனையும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று மறைக்கல்வி நூலின் 2412ஆம் இலக்கம் சொல்வதை மறந்துவிடலாகாது. முகம் கொடுக்க வெட்கமாக இருந்தால் குருவானவரோ போதகரோ பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது

பள்ளித்தோழியின் அழிறப்பரை எடுத்துவந்த ஏழு வயதுப் பிள்ளையை நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது, அடுத்தமுறை நன்றாக ஒளிக்கவே கற்றுக்கொடுக்கும். அதைவிட, திருடினவன் இனித் திருடாமல், தேவையுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகக் கையால் உழைக்கட்டும் என்று எபேசியர் 4:28 சொல்வதைப் பிள்ளையின் அளவுக்கு இறக்கிச் சொல்லலாம். அழிறப்பரைத் தாயோ தந்தையோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரக்கூடாது. உடன் போகலாம், மற்றப் பிள்ளையின் பெற்றோரிடம் முன்னரே சொல்லியும் வைக்கலாம், அப்போது வாசலில் நின்று ஏச்சு வாங்கும் நிலை வராது. கொடுப்பது மட்டும் எடுத்த பிள்ளையாகவே இருக்கவேண்டும்.